நிபுணர் சாட்சியமும் குழந்தைக்குரிய நீதியும்
(புளியந்தீவில் ஆற்றிய உரை)



குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைப் பற்றிப் பேச நம் சமூகம் கூசுகிறது. அந்தக் கூச்சமே கொடியவனுக்குக் கவசமாகிறது. ஆகவே இவ்வழக்குகளில் நிபுணர் சாட்சியத்தின் பங்கு யாது என்பதை இன்று வெளிப்படையாகவே சொல்ல விரும்புகிறேன்.

1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டம், 45 ஆம் பிரிவில் நிபுணரின் அபிப்பிராயத்தை ஏற்கிறது. 51 ஆம் பிரிவோ அந்த அபிப்பிராயத்துக்கான காரணங்களையும் ஆராய இடமளிக்கிறது. காரணம் காட்டாதவர் எத்துணைப் பட்டம் பெற்றவராயினும், அவர் சொல்லை நீதிமன்றம் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. வட்டவிதானையார் வாய்க்காலில் ஓடும் நீரின் அளவைச் சொல்லலாம். காணி யாருக்குரியது என்று தீர்ப்பளிக்க முடியுமா? சட்ட வைத்திய அதிகாரியின் நிலையும் அதுவே.

"உடலில் காயமில்லை, ஆகவே குற்றமுமில்லை" என்று எதிரி தரப்பு வாதிப்பதுண்டு. இது பெரும் பிழை. பாலியல் கொடுமைக்குள்ளான குழந்தைகளிற் பெரும்பாலோரின் உடலில் எவ்வித அடையாளமும் தென்படுவதில்லை என்பது மருத்துவ உலகம் கண்ட உண்மை. அச்சத்தால் காலந்தாழ்த்திச் சொல்வதும் பொய்க்குச் சான்றாகாது. இவற்றை எடுத்து விளக்குவதே நிபுணரின் கடமை.

எல்லை கடந்த நிபுணர் எத்தகைய அநீதி விளைப்பார் என்பதற்குக் கனடாவே சான்று. ரொறன்ரோவில் சார்ள்ஸ் சிமித் என்னும் வைத்தியர் குழந்தை மரண வழக்குகளிற் பெரிதும் மதிக்கப்பட்டார். தன் சகோதரரின் நான்கு வயது மகளைக் கெடுத்துக் கொன்றதாக 1994 இல் ஒருவர் தண்டிக்கப்பட்டார். அதற்கு அவருடைய சாட்சியமும் துணைநின்றது. பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிற் கழிந்தபின், 2007 இல் அம்மனிதர் நிரபராதி எனத் தீர்ப்பாயிற்று. 2008 இல் நீதியரசர் கௌஜ் வெளியிட்ட விசாரணை அறிக்கை, சிமித் சட்ட மருத்துவத்தில் முறையான பயிற்சி பெறாதவர் என்பதை அம்பலப்படுத்தியது.

எனவே நாம் கேட்பது இரண்டு. நிபுணர் தாம் அறிந்ததை அஞ்சாது சொல்லட்டும். அறியாததை அறியேன் என்று ஒப்புக்கொள்ளட்டும். குழந்தையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாகச் சமர்ப்பிக்க 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்துள்ளது. அந்த வாக்குமூலம், படுவான்கரைப் பிள்ளை வீட்டிற் பேசும் தமிழிலேயே கேட்கப்பட்டுப் பதியப்படட்டும்.

பெற்றோரே! பிள்ளை வாய்திறந்தால் அதட்டாதீர்கள். ஊர்ப்பெரியவர் முன்னிலையில் சமரசம் பேசாதீர்கள். தாமதியாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1929 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். நிபுணரின் சொல்லுக்கு முன்னே பிள்ளையின் சொல் இருக்கிறது. அதை நாம் கேளாவிடில், எந்த நீதிமன்றமும் கேட்கப்போவதில்லை.