பஞ்சமி நிலத்தை எந்தச் சொல்லில் தேடுவது?

(கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்த மாணவர்களுக்கான நூலகப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



நூலகத்தில் தேடுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். பொத்தாம் பொதுவாகப் பேசினால் மதிய உணவுக்குப் பிறகு தூக்கம்தான் வரும். அதனால் உங்களில் ஒருவர் சற்று முன்பு கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். "அக்கா, எங்க ஊர்ல பஞ்சமி நிலம் இருந்துச்சுன்னு தாத்தா சொல்வார். அது உண்மையான்னு எப்படிப் பார்க்கிறது?"

கைப்பேசியில் தேடினால் ஒரே செய்தி பத்து இடங்களில் கிடைக்கும். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் அறிக்கை எழுதினார், 1892-இல் அரசாணை 1010 வந்தது என்று இருக்கும். சரியான தகவல்தான். ஆனால் பத்துப் பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருப்பார்கள். உங்கள் ஊரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. நூலகத்துக்குப் போக வேண்டியது அதற்காகத்தான்.

அங்கே கணினிப் பட்டியலில் 'பஞ்சமி நிலம்' என்று அடித்தால் அண்மைக்கால நூல்கள் சில வரும். 'இவ்வளவுதான் போல' என்று எழுந்துவிடாதீர்கள். பட்டியலுக்கு நம் சொல் தெரியாது. ஆவணத்தை எழுதியவனின் சொல்தான் தெரியும். ட்ரெமென்ஹீர் அறிக்கையின் தலைப்பிலேயே 'பறையர்' என்றுதான் இருக்கிறது. பிறகு 'பஞ்சமர்', அப்புறம் 'டிப்ரஸ்டு கிளாசஸ்'. 1922-இல் சென்னை மாகாண அரசு 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றது. 1935 சட்டத்துக்குப் பிறகு 'ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்'. நடுவே அரசுத் துறைக்கே அரிசன நலத்துறை என்று பெயர் இருந்த காலமும் உண்டு. எந்த ஆண்டைத் தேடுகிறீர்களோ, அந்த ஆண்டின் சொல்லைப் போட வேண்டும். சில சொற்களைத் தட்டச்சு செய்யவே கை கூசும். தேடலுக்காக அடித்துத்தான் ஆக வேண்டும்.

துறையின் பெயரும் ஏமாற்றும். ஒடுக்கப்பட்டோருக்கு வீட்டுமனையும் நிலமும் ஒதுக்கும் வேலையை 1920 முதல் தொழிலாளர் ஆணையர்தான் பார்த்தார். எனவே அந்தக் காலச் சேதியைத் தொழிலாளர் துறையின் ஆண்டறிக்கைகளில் தேட வேண்டும். தொழிற்சங்க வரலாறு என்று நினைத்து நாம் தாண்டிப் போகிற அலமாரியில் நம் ஊர்க் கதை இருக்கலாம்.

அலமாரியிலும் நாம் ஓரிடத்தில் இல்லை. டூயி தசம முறையைப் பின்பற்றும் நூலகத்தில் சாதி 305-இல், நிலம் 333-இல், தமிழக வரலாறு 954-இல் இருக்கும். மூன்று இடத்துக்கும் நடக்க வேண்டும். ஒரு நல்ல நூல் கிடைத்தால், படிக்கும் முன் அதன் கடைசிப் பக்கங்களைத் திருப்புங்கள். ஆசிரியர் எந்த ஆவணத்தைப் பார்த்தார் என்பது அங்கே இருக்கும். அடுத்து நீங்கள் கேட்க வேண்டியது அந்த ஆவணத்தைத்தான்.

கிடைப்பதையெல்லாம் நம்பவும் கூடாது. 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளைப் பல நூலகங்களில் பார்க்கலாம், 1909-இல் வந்தவை. மக்களின் மூக்கை அளந்து சாதியை ஆராய்ந்த அருங்காட்சியக அதிகாரி அவர். யாரிடம் கேட்டு எழுதினார் என்று பார்க்காமல் அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதே சென்னையில் 1907 முதல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் தம் மக்களின் வரலாற்றைத் தாமே எழுதிக்கொண்டிருந்தார். அந்த எழுத்து 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த பிறகுதான் பரவலாகக் கைக்குக் கிடைத்தது. ஆங்கிலத்தில் அவர் பெயரை நாலைந்து விதமாக எழுதுவார்கள். ஒன்றில் கிடைக்கவில்லை என்றால் மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

நூலக ஊழியர்கள் சிலர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நூலகக் கட்டணம் நீங்களும் கட்டியிருக்கிறீர்கள். "நிலம் பத்தி ஏதாவது இருக்கா" என்று கேட்காமல், "1920-களின் தொழிலாளர் துறை அறிக்கை வேண்டும்" என்று கேளுங்கள். பேச்சே மாறிவிடும். கல்லூரி என்-லிஸ்ட் திட்டத்தில் சேர்ந்திருந்தால், காசு கட்டிப் படிக்க வேண்டிய ஆய்விதழ்களும் உங்களுக்குத் திறக்கும். அதற்கான கடவுச்சொல்லை நூலகரிடம் இன்றே கேட்டு வாங்குங்கள். பழைய அரசாணைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் போக வேண்டும். அதற்கு அனுமதி வாங்க வேண்டும், அது தனிக் கதை.

கிடைத்ததைப் படம் எடுக்கும்போது தலைப்புப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். அரசாணை என்றால் எண் மட்டும் போதாது. துறையும் தேதியும் வேண்டும். அரசாணை 1010 என்பது வருவாய்த் துறை, 30 செப்டம்பர் 1892. வேறு துறையிலும் வேறு ஆண்டிலும் அதே எண் இருக்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது இந்த மூன்றையும்தான் கேட்பார்கள். செங்கல்பட்டு அருகே காரணையில் 1994-இல் பஞ்சமி நிலம் கேட்டுப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அந்த நிலத்தைப் பற்றி அரைகுறைக் குறிப்போடு போய் நிற்கக் கூடாது.

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு வேலை. இந்த வாரம் ஊருக்குப் போனால் தாத்தாவிடம் அந்த நிலத்தை ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள், பக்கத்தில் யார் நிலம், அப்போது ஊர் எந்தத் தாலுகாவில் இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைக் கேளுங்கள். அந்தப் புல எண்ணுக்கு எதிரே 'டி.சி.' என்று ஏதாவது குறிப்பு இருக்கிறதா பாருங்கள். டிப்ரஸ்டு கிளாஸ் என்பதன் சுருக்கம் அது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் புல எண்ணோடு வாருங்கள். அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு நூலக வாசலில் இருப்பேன்.