பல் மிஸ்ஸி ஆக விரும்பும் பிள்ளைக்கு எந்தப் படிப்பு?



பல் போனால் சொல் போச்சு என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பல்லைக் காக்கும் முறை பற்றிப் பலரும் பேசக் கேட்டிருப்பீர்கள். நான் இன்று அதைப் பேச வரவில்லை. மற்றவர் பல்லைக் காக்கும் தொழிலுக்கு நம் பிள்ளையை அனுப்ப விரும்பினால், அதற்குரிய பயிற்சியை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சு.

எங்கள் தோட்டப் பள்ளிக்கு அரசாங்கப் பல் மருத்துவக் குழு வரும் நாளில், முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் மேசைக்கு அடியில் ஒளிந்து கொள்வார்கள். மிஸ்ஸி மலாயில் அன்பாகத்தான் கேட்பார். பிள்ளைக்குப் பாதி புரியும், பாதி புரியாது. நான் நடுவில் நின்று சொல்லுவேன். ஒரு முறை தமிழ் பேசும் மிஸ்ஸி ஒருவர் வந்தார். "வாடா தம்பி, பல்லிலே பூச்சி இருக்கான்னு பார்ப்போம்" என்றார். அழுது கொண்டிருந்த பையன் வாயைத் திறந்து விட்டான். அன்று மாலை ஐந்தாறு பெண் பிள்ளைகள் என்னிடம் வந்து, "வாத்தியாரே, நாங்களும் பல் மிஸ்ஸி ஆகலாமா?" என்று கேட்டார்கள்.

ஆகலாம். ஆனால் எந்தக் கல்லூரியில், எந்தப் பெயருள்ள படிப்பில் சேர்வது என்பதில் தவறினால் ஆண்டும் பணமும் போய்விடும். அப்படி ஒரு தவறு என் கண் முன்னே நடந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், மஸ்ஜித் தானா வட்டாரத்தில் செம்பனைக் குலை வெட்டும் ஒரு தொழிலாளியின் மகள் எஸ்.பி.எம். தேர்வு முடித்தாள். என்னிடம் படித்த பிள்ளை. பட்டணத்தில் யாரோ கொடுத்த ஒரு துண்டுத்தாளைக் கொண்டு வந்து காட்டினாள். வெள்ளை உடுப்பு, பல் நாற்காலி, சிரிக்கும் குழந்தை என எல்லாம் அந்தப் படத்தில் இருந்தன. பல் துறைச் சான்றிதழ் என்று போட்டிருந்தது. நான் படித்துப் பார்த்து, "நல்லதுதானம்மா, சேர்ந்து கொள்" என்று சொல்லி விட்டேன். தாயார் சங்கிலியை அடகு வைத்தார். பிள்ளையும் கருத்தாகப் படித்துத் தேறினாள். அதன் பிறகுதான் தெரிந்தது, அது பல் மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கும் உதவியாளருக்கான படிப்பு என்று. அந்த வேலையும் மதிப்பான வேலைதான். அது இல்லாமல் எந்தக் கிளினிக்கும் நடக்காது. ஆனால் அவள் விரும்பியது, குழந்தையின் பல்லைத் தானே பார்த்துச் சிகிச்சை செய்யும் வேலை. அதற்கு அந்தச் சான்றிதழ் செல்லாது. "நீங்களும் பார்த்தீங்களே வாத்தியாரே" என்று அவள் தகப்பனார் சொன்ன ஒரு சொல் இன்றும் என் காதில் இருக்கிறது. அன்று நான் கேட்கத் தவறிய கேள்விகளைத்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் இந்தத் தொழில் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்னும் நகரில் ஆல்பிரட் போன்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். நோய் வந்த பின் பல்லைப் பிடுங்குவதை விட, வருமுன் சுத்தம் செய்து காப்பதே மேல் என்று அவர் கருதினார். 1906ஆம் ஆண்டில் தம் உதவியாளராகிய ஐரின் நியூமன் என்ற பெண்மணிக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தார். 1913இல் இதற்கென ஒரு வகுப்பையே தொடங்கினார். பற்களைச் சுத்தம் செய்து, காக்கும் வழியையும் கற்றுக் கொடுக்கும் இவர்களுக்கு டெண்டல் ஹைஜினிஸ்ட் என்று பெயர்.

நியூசிலாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்த போது, இளைஞர் பலரின் பற்கள் சொத்தையாக இருப்பதைக் கண்டார்கள். பள்ளிப் பிள்ளைகளிடமிருந்தே தொடங்க வேண்டும் என்று 1921இல் வெலிங்டன் நகரில் பள்ளிப் பல் தாதியருக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார்கள். இவர்கள் சுத்தம் செய்வதோடு, பிள்ளைகளின் சொத்தைப் பல்லை அடைக்கவும் பால் பல்லை எடுக்கவும் கற்றார்கள்.

நம் நாடு இந்த நியூசிலாந்து முறையைத்தான் பின்பற்றியது. 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சி தொடங்கியது. அன்று முதல் நம் பள்ளிகளுக்கு வந்த மிஸ்ஸிகள் இந்தப் பயிற்சி வழி வந்தவர்களே.

இப்போது அந்தத் தொழிலின் பெயர் மாறி விட்டது. முன்பு மலாயில் ஜூருராவாட் பெர்கிகியான் என்றார்கள். இன்று ஜூருதெராபி பெர்கிகியான், அதாவது பல் சிகிச்சையாளர் என்கிறார்கள். 1971ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டத்துக்குப் பதிலாக 2018ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பல் சிகிச்சையாளராக வேலை செய்பவர் தம் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லையென்றால் அந்தத் தொழில் இல்லை.

இதை மனத்தில் வைத்துக் கொண்டு, கேட்க வேண்டிய கேள்விகளுக்கு வருவோம்.

முதல் கேள்வி: இந்தப் படிப்பு முடிந்தால் பிள்ளைக்கு எந்த வேலைப் பெயர் கிடைக்கும்?

பல் துறையில் ஒன்றைப் போல் ஒன்று தோன்றும் மூன்று வேலைகள் உண்டு. ஜூருதெராபி பெர்கிகியான் பிள்ளைகளின் பல்லைச் சோதித்து, சுத்தம் செய்து, அடைப்பவர். பெம்பந்து பெம்பெடாஹான் பெர்கிகியான் மருத்துவருக்கு உதவி செய்து, கருவிகளைக் கிருமி நீக்கி வைப்பவர். ஜூருதெக்னோலோஜி பெர்கிகியான் கட்டுப்பல் முதலியவற்றைப் பட்டறையில் செய்பவர். மூன்றும் வேண்டிய வேலைகள். ஆனால் ஒன்றுக்குப் படித்து விட்டு மற்றொன்றைச் செய்ய முடியாது. துண்டுத்தாளில் பல் பராமரிப்பு, பல் சுகாதாரம் என்று பொதுவாகப் போட்டிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். "இதைப் படித்தால் பல் சிகிச்சையாளராகப் பதிவு பெற முடியுமா? எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாம் கேள்வி: இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா?

மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமாகிய எம்.கியூ.ஏ., 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அங்கீகாரம் பெற்ற படிப்புகளை எம்.கியூ.ஆர். என்னும் பதிவேட்டில் அது வெளியிடுகிறது. கைத்தொலைபேசியில் இணையம் உள்ள யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. சேரப் போகும் அதே படிப்பின் பெயர் இருக்க வேண்டும். தற்காலிக அங்கீகாரம் வேறு, முழு அங்கீகாரம் வேறு என்பதையும் கவனியுங்கள். உங்களுக்குப் பார்க்கத் தெரியாவிட்டால் பள்ளி ஆசிரியரிடம் போங்கள். அவர் என்னைப் போல் படத்தைப் பார்த்துத் தலையாட்டினால் விடாதீர்கள். பதிவேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாம் கேள்வி: கைப்பயிற்சி எப்படி?

தையல் படித்தவள் துணியைத் தொடாமல் தையற்காரி ஆக முடியுமா? இதுவும் கை வேலை. முதலில் பொம்மைத் தலையில் பழகி, பிறகு மேற்பார்வையோடு உண்மையான நோயாளிக்குச் செய்து பழக வேண்டும். பல் நாற்காலிகள் எத்தனை, ஒரு நாற்காலிக்கு மாணவர் எத்தனை பேர், பக்கத்தில் நின்று பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். இரத்தமும் எச்சிலும் படும் வேலையாதலால், ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக் கொள்வது பற்றியும் விசாரியுங்கள்.

இவற்றோடு பணக் கணக்கையும் பாருங்கள். படிப்புக் கட்டணத்தை மட்டும் கேட்டு விட்டு வராதீர்கள். தங்கும் விடுதி, கருவிகள், சீருடை, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்றும் கேளுங்கள். பி.டி.பி.டி.என். கிடைக்கும் என்று சொன்னால், அது இலவசம் அன்று, பிள்ளை திருப்பிக் கட்ட வேண்டிய கடன் என்பதை மறவாதீர்கள்.

தனியார் கல்லூரிக்கு ஓடும் முன், சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களுக்கு விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்று பாருங்கள். அங்கே பல் சிகிச்சையாளருக்கான டிப்ளோமா மூன்றாண்டுப் படிப்பு. மலாய், கணிதம், அறிவியல் ஆகிய பாடங்களில் கிரெடிட் இல்லாமல் இந்த வழியில் போவது கடினம். ஆகவே தயாரிப்பு எஸ்.பி.எம். முடிந்த பிறகு தொடங்குவதன்று. மூன்றாம் படிவத்திலேயே அறிவியல் பாடத்தைப் பிள்ளை கைவிடாதபடி பார்த்துக் கொள்ள வேண்டும்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? கடையில் வேலைக்குப் போகட்டுமே" என்று சிலர் நினைக்கலாம். நம் வீடுகளைப் பாருங்கள். பெரட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் பிள்ளைக்கு இனிப்புப் பால் புட்டியைக் கொடுத்துத் தூங்க வைக்கிறோம். பால் பல் விழப் போவதுதானே என்று விட்டு விடுகிறோம். ஆறு வயதில் அதற்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிலையான பல் என்பது பலருக்குத் தெரியாது. பாட்டிமார் வெற்றிலை பாக்கை வாயில் அடக்கியபடியே இருக்கிறார்கள். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் வெளியிட்டது. இந்நாட்டில் வாய்ப் புற்றுநோய் நம் இந்தியர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இதையெல்லாம் நம் மொழியில், நம் பாட்டிக்குக் கோபம் வராமல் எடுத்துச் சொல்ல, நம் லயத்தில் வளர்ந்த பிள்ளையை விடப் பொருத்தமானவர் யார்?

நான் சொன்ன அந்தப் பிள்ளை இப்போது ஒரு கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறாள். வேலையில் கெட்டிக்காரி என்று பெயர். சென்ற ஆண்டு அவள் தங்கை எஸ்.பி.எம். எழுதிய போது, துண்டுத்தாள் எதையும் அவர்கள் என்னிடம் கொண்டு வரவில்லை. அக்காவே கைத்தொலைபேசியில் பதிவேட்டைத் திறந்து வைத்துக் கொண்டு, கல்லூரிக்காரரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாளாம். கேட்டு விட்டு, "இந்த இடம் வேண்டாம் அப்பா" என்று சொல்லித் தங்கையை அழைத்து வந்து விட்டாள்.

பெற்றோர்களே, கல்லூரிக்காரரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அன்று. பணம் கட்டுவதற்கு முன்னே கேளுங்கள்.