கம்ப்யூட்டர் ஏன் திணறுகிறது?



உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். ஆனால் கம்ப்யூட்டரில் பக்கம் திறக்கவில்லை. உடனே புதிய கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமா? வேண்டாம். முதலில் காரணத்தைத் தேடுங்கள்.

கம்ப்யூட்டருக்குத் தற்காலிக நினைவகம் உண்டு. அதை ராம் என்பார்கள். அது வேலை செய்யும் மேசை போன்றது. மேசை முழுவதும் பொருள்களைப் பரப்பினால் எழுத இடம் இருக்காது. பிரவுசரில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களும் அப்படித்தான். விலை ஒப்பிட ஒன்று, படம் இறக்க ஒன்று என்று அவை பெருகும். பயன்படுத்தாதபோதும் சில இயங்கிக்கொண்டே இருக்கும். நினைவகத்தை அடைத்துக்கொள்ளும்.

எது அடைக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரைத் திறங்கள். ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய இரண்டு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். எது எவ்வளவு நினைவகம் எடுக்கிறது என்ற பட்டியல் வரும். பிறகு எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எதை நிறுத்தினால் வேகம் கூடுகிறதோ, அதுவே காரணம். தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள்.

வேகம் மட்டுமல்ல, பாதுகாப்பும் முக்கியம். எல்லா இணையப் பக்கங்களையும் படிக்க அனுமதி கேட்கும் எக்ஸ்டென்ஷன்கள் உண்டு. வங்கிப் பக்கமும் அதில் அடங்கும். யோசித்து அனுமதி கொடுங்கள்.

ஃபிளாஷ் பிளேயர் என்ற பழைய பிளக்-இன்னுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-இல் நிறுத்தியது. அதைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு வந்தால் நம்பாதீர்கள்.

எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் திணறினால், ராம் கூட்டுவது பற்றி விசாரியுங்கள். அதுவரை பணம் பையிலேயே இருக்கட்டும்.