நின்ற இடத்தில் தடுமாறும் எஞ்சின்

ரெம்பாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் நெடுங்காலம் பால் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் ஒரு பழைய புரோட்டோன் சாகா இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள், இரத்தச் சுத்திகரிப்புக்காகத் தம் மனைவியை அதில்தான் சிரம்பானுக்கு அழைத்துப் போய் வருகிறார். தோட்டத்து மண்பாதை, தம்பின் – சிரம்பான் சாலையில் சேரும் முனையில் வேகத்தைக் குறைத்தால் எஞ்சின் குலுங்கும். சில நாள் நின்றே போகும். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் வந்து திரும்பும் முனை அது.

ஒரு பட்டறையில் காட்டினார். திருகைத் திருகி எஞ்சின் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். ஒரு மாதம் ஓடியது. பிறகு பழைய கதைதான். இன்னொரு பட்டறையில் கார்புரேட்டரையே மாற்றினார்கள். 300 வெள்ளிக்கு மேல் செலவு. குலுக்கல் மட்டும் நிற்கவில்லை. "தம்பி, நீ ஒரு தடவை பார்த்துச் சொல்லு. சரிவராதுன்னா பழைய இரும்புக்குப் போட்டுடறேன்" என்று என்னிடம் கொண்டு வந்தார்.

ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் தானாக மெல்ல ஓடிக்கொண்டிருப்பதை 'ஐடலிங்' என்கிறோம். 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் வெளிவந்த முதல் சாகாவிலும், அதற்கு முன் நம்மவர்கள் விரும்பி ஓட்டிய டட்சன் 120Yயிலும் இந்த வேலையைக் கவனிக்க இன்றைய கார்களில் உள்ளதுபோல் கணினி கிடையாது. ஒரு சிறு துவாரம், ஒரு திருகு, சில ரப்பர்க் குழாய்கள், அவ்வளவுதான். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றுப் போட்டால், நான்கு சிலிண்டரிலும் சேர்த்து விநாடிக்கு ஏறக்குறைய 27 தடவை தீப்பொறி விழ வேண்டும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 கிலோ காற்று என்ற கணக்கில் கலவை போய்ச் சேர வேண்டும். காற்றுக் கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கும் நேரமாதலால் எஞ்சின் உள்ளே பலமாக உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

இளநீரில் குழாய் போட்டு உறிஞ்சும்போது குழாயின் நடுவில் கீறல் இருந்தால் என்ன ஆகும்? மெல்ல உறிஞ்சினால் வாய்க்குக் காற்றுத்தான் வரும். பலமாக இழுத்தால் கொஞ்சம் இளநீரும் வரும். எஞ்சினும் அப்படித்தான். ஓர் ஊசித்துளை வழியாகக் கள்ளக் காற்று நுழைந்தால், சாலையில் வேகமாகப் போகும்போது அது தெரிவதில்லை. நின்ற இடத்தில் தெரிந்துவிடும்.

ஆகவே திருப்புளியைக் கையில் எடுக்கும் முன்பு, வைத்தியர் நோயாளியிடம் கேட்பதுபோல் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். காலையில் குளிர்ந்திருக்கும்போது மட்டும் தடுமாறுகிறதா? அப்படியானால் சோக்கைப் பார்க்க வேண்டும். ஏர்கோன் போட்டால் மட்டும் இறங்குகிறதா? ஏர்கோன் சுமைக்காக எஞ்சினைச் சற்றுத் தூக்கிவிடும் அமைப்பு வேலை செய்யவில்லை என்று பொருள். மழை பெய்த மறுநாள்தானா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இருக்கலாம், அல்லது பிளக் கேபிள் வெடித்திருக்கலாம். நல்ல இருட்டில் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். கேபிள் பழுதென்றால் நீல நிறத்தில் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். காசு செலவில்லாத சோதனை இது. தொட்டு மட்டும் பார்க்காதீர்கள். எதற்கும் அசையாத ஆளையும் அது தூக்கி எறிந்துவிடும்.

பலர் முதலில் காற்று வடிகட்டியைத்தான் கழற்றுகிறார்கள். நம் பக்கத்துச் செம்மண் புழுதியில் அது சீக்கிரம் அடைபடுவது உண்மைதான். ஆனால் அடைத்த வடிகட்டி மேடேறும்போது எஞ்சினை நெரிக்குமே தவிர, நின்ற இடத்துத் தடுமாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணமாவதில்லை. மாற்றுங்கள், கெடுதல் இல்லை. நோய் அங்கே இருக்கிறது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

எல்லா நேரமும் தடுமாறுகிறது என்றால், முதலில் கள்ளக் காற்றைத் தேட வேண்டும். காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். எஞ்சின் புகையில் உள்ள நச்சுக்கு மணமில்லை. மூடிய கொட்டகையில் ஆளையே கொன்றுவிடும். கியரை எடுத்துவிட்டு, கைபிரேக்கை இழுத்துவிட்டு, ரப்பர்க் குழாய் ஒவ்வொன்றாகக் காதை வைத்துக் கேளுங்கள். 'உஸ்' என்று சத்தம் வரும் இடம் உண்டா? விசிறிப் பட்டையில் சட்டைக் கை சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சில பட்டறைகளில் பெட்ரோலைப் பீய்ச்சிப் பார்க்கிறார்கள். சூடான எஞ்சின் மீது அதைச் செய்வது தீயோடு விளையாடுவதுதான். சோப்புத் தண்ணீரைச் சிறிது தெளித்தாலே போதும். ஓட்டை உள்ள இடத்தில் தண்ணீர் உள்ளே இழுபடும், எஞ்சினின் சத்தமும் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் மட்டும் தெளிக்கக் கூடாது. குழாயைத் துணி சுற்றிய குறட்டால் அழுத்திப் பிடித்துப் பார்ப்பது இன்னொரு வழி. அழுத்தியவுடன் எஞ்சின் சீராக ஓடினால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

காற்றில் குறையில்லை என்றால் தீப்பொறிக்கு வருவோம். நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசை மாறாமல் ஒரு பலகையில் அடுக்கி வையுங்கள். மூன்று காப்பி நிறத்திலும் ஒன்று மட்டும் கருத்தும் இருந்தால், எந்த வீட்டில் விளக்கு எரியவில்லை என்பது தெரிந்துவிடும். டட்சன் 120Yயில் பாயிண்ட் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும், தேய்ந்தால் தடுமாறும்.

பல கார்புரேட்டர்களில் ஒற்றை ஒயரோடு ஒரு சிறிய சொலினாய்டு இருக்கும். சாவியைத் திருப்பியதும் ஐடலிங் துவாரத்துக்குப் பெட்ரோலைத் திறந்துவிடுவது இதுதான். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டுவிட்டு, அந்த ஒயரைக் கழற்றி மாட்டினால் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால், ஒயர் தளர்ந்திருக்கிறதா, மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். இந்த ஒயர் தளர்ந்ததற்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இவை அனைத்தும் முடிந்த பிறகுதான் திருகு. எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். திருகு எத்தனை சுற்று வெளியே இருந்தது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு திருப்புங்கள்; சரிவராவிட்டால் பழைய இடத்துக்காவது திரும்பலாம்.

பெரியவர் காருக்கு வருகிறேன். கேள்விகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது, "பிரேக் எப்படி?" என்றேன். "முன்னமாதிரி இல்ல. இப்ப ரொம்ப அழுத்த வேண்டியிருக்கு. வயசாச்சு, கால்ல வலு குறைஞ்சு போச்சு" என்றார். எனக்குத் திக்கென்றது. அவருடைய காலில் குறையில்லை. எஞ்சின் உறிஞ்சும் வலுவைக் கொண்டுதான் பிரேக் பூஸ்டர் நம் காலுக்குத் துணை செய்கிறது. எஞ்சினிலிருந்து பூஸ்டருக்குப் போகும் தடித்த ரப்பர்க் குழாயைத் தடவிப் பார்த்தேன். மேலே பார்க்க நன்றாக இருந்தது. எஞ்சினில் மாட்டும் முனையருகே, வளைவின் அடிப்பக்கம் வெடித்திருந்தது. எஞ்சின் அசையும்போதெல்லாம் அந்த வெடிப்பு வாய் திறந்து மூடியது. துணி சுற்றிய குறட்டால் வெடிப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் அழுத்தினேன். எஞ்சின் அமைதியாக ஓடத் தொடங்கியது.

எஞ்சின் அவ்வளவு நாளும் பிரேக்கைப் பற்றித்தான் முறையிட்டுக்கொண்டிருந்தது. முதல் பட்டறை திருகைத் திருகி அதன் வாயை அடைத்துவிட்டது. முனையில் நின்றுபோகும் கார் அவருக்குத் தெரிந்த ஆபத்து. லாரி குறுக்கே வரும் நாளில் நேரத்துக்குப் பிடிக்காமல் போயிருக்கக்கூடிய பிரேக், அவருக்குத் தெரியாத ஆபத்து.

புதுக் குழாய் வாங்கப் பெரிய செலவில்லை. ஆனால் அதற்கென்று செய்த குழாயைத்தான் கேட்டு வாங்க வேண்டும். தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்டினால் உறிஞ்சும் வேகத்தில் அது ஒட்டிக்கொண்டுவிடும். டேப் சுற்றுவது அன்று வீடு போய்ச் சேரக்கூட நம்பத் தக்கதல்ல. குழாயின் நடுவில் உள்ள ஒருவழி வால்வைப் பழையபடி அதே திசையில் பொருத்த வேண்டும். பொருத்தியபின் பிரேக்கைச் சோதிப்பது எளிது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடல் கட்டியாகும் வரை பல தடவை மிதியுங்கள். காலை எடுக்காமல் எஞ்சினைக் கிளப்புங்கள். பெடல் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

பெரியவரையே உட்கார வைத்து மிதிக்கச் சொன்னேன். பெடல் இறங்கியது. உயர்த்தி வைத்திருந்த திருகை மெல்லத் தணித்து, 800 சுற்றில் நிறுத்தினேன். மறுநாள் சிரம்பான் போகும் நாள். விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும் என்று சொல்லிப் புறப்பட்டுப் போனார்.