மாண்டினீக்ரோ: மூட்டுவலியோட மலை நாட்டுக்குப் போகலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்கும் வசதிக்காகக் கொஞ்சம் திருத்தி, சுருக்கியிருக்கிறோம்.)

மாண்டினீக்ரோ போயிட்டு வந்தேன்னு ரெண்டு எபிசோடு முன்னாடி போற போக்குல சொன்னேன். அதுக்கு வந்த மெயில்ல பாதி விசா பத்தி. அதைக் கடைசியில சொல்றேன். ஒரு மெயில் மட்டும் மனசுலயே நின்னுடுச்சு. "அம்மாவுக்கு 61 வயசு, மூட்டுவலி. எனக்கு அஞ்சு நாள் லீவு கிடைக்குது. யூடியூப்ல பார்த்தா அந்த ஊர்ல எல்லாரும் படியேறிக்கிட்டே இருக்காங்க. அம்மாவைக் கூட்டிட்டுப் போனா கஷ்டப்படுத்துற மாதிரி ஆயிடுமா? நான் மட்டும் போயிட்டு வந்துடவா?"ன்னு கேட்டிருந்தாங்க.

நான் போனதும் அம்மாவோடதான். எங்க அம்மாவுக்கும் முட்டி சரியில்ல. நாங்க திருத்துறைப்பூண்டி பக்கம். எங்க ஊர்ல உயரமான விஷயம்னா கோயில் கோபுரமும் தண்ணி டேங்கும்தான். அப்படிப்பட்ட ஆளு அஞ்சு நாள் மலையிலயே சுத்திட்டு வந்தாங்க. அதனால பதில் முதல்லயே சொல்லிடறேன்: கூட்டிட்டுப் போங்க. ஆனா யூடியூப்ல வர்ற பிளானோட போகாதீங்க.

முதல்ல நாடு எப்படின்னு பார்த்துடலாம். பரப்பளவுல தமிழ்நாட்டோட பத்துல ஒரு பங்குதான். மக்கள் தொகை ஆறு லட்சத்துச் சொச்சம். 2006ல பொதுவாக்கெடுப்பு நடத்தி செர்பியாகிட்ட இருந்து பிரிஞ்ச நாடு. ஐரோப்பிய யூனியன்ல இன்னும் சேரல, ஆனா செலவு பண்றது யூரோவுலதான். பேருக்கே 'கருப்பு மலை'ன்னுதான் அர்த்தம். ஏட்ரியாட்டிக் கடல் ஓரமா ஒரு ஒல்லியான சமதளம், அதுக்குப் பின்னாடியே சுவர் மாதிரி மலை.

இந்த நாட்டுல எல்லாரும் ஏமாறுற இடம் கிலோமீட்டர். காலேஜ்ல கிராஃப் தியரி படிச்சிருப்பீங்க. ஒவ்வொரு எட்ஜுக்கும் ஒரு வெயிட் போடுவோம்ல? இங்க அந்த வெயிட் தூரம் கிடையாது, உயரம். ஒரு உதாரணம். கோட்டோர்னு கடலோர ஊர். அதுக்கு நேர் மேல லோவ்சென் மலை. மேப்ல ஸ்கேல் வச்சு அளந்தா ஆறேழு கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனா கடல் மட்டத்துல கிளம்பி 1,657 மீட்டர் உயரத்துக்குப் போகணும். ரோடு வளைஞ்சு வளைஞ்சு 35 கிலோமீட்டரைத் தாண்டிடும், நேரம் ஒரு மணிக்கு மேல. "சின்ன நாடுதானே, ஒரு நாளைக்கு மூணு இடம் பார்த்துடலாம்"னு போட்ட பிளான் எல்லாம் இங்கதான் உடையுது. நாங்க ரெண்டே இடத்துல தங்கினோம். கோட்டோர்ல மூணு ராத்திரி, கோலாஷின்ல ரெண்டு ராத்திரி. அஞ்சு நாளைக்கு அதுக்கு மேல வேண்டாம்.

கோட்டோர் பழைய நகரம் ஒரு கோட்டைக்குள்ள இருக்கு. 1420லிருந்து 1797 வரைக்கும் வெனிஸ்காரங்க ஆண்ட ஊர். 1979 ஏப்ரல்ல பெரிய நிலநடுக்கம் வந்து பயங்கர சேதம். அதே வருஷம்தான் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. உள்ள கார், பைக் எதுவும் கிடையாது; தரை முழுக்கச் சமமான கல். மூட்டுவலிக்காரங்களுக்கு இந்தப் பகுதி பிரச்சனையே இல்ல. யூடியூப்ல பார்த்த படிக்கட்டு ஊருக்குப் பின்னாடி மதில் சுவரோட சேர்ந்து மேல போற 1,350 படி. உச்சியில கோட்டை.

அம்மா அதுல பாதி வரைக்கும் வந்தாங்க. நான் வற்புறுத்தல. பாதி வழியில ஒரு சின்ன சர்ச் இருக்கு, 1518ல கட்டினது, கொள்ளைநோய்க்குத் தப்பினவங்க கட்டினதுன்னு சொல்றாங்க. கீழ இருந்து பார்த்தாலே தெரியும். "அது யாரு கோயில்?"னு கேட்டாங்க. பேரை மொழிபெயர்த்துப் பார்த்தா 'ஆரோக்கிய மாதா'ன்னு வருது. அவ்வளவுதான். "நம்ம வேளாங்கண்ணி மாதாவா?"ன்னு கேட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. எங்க ஊர்ல எந்த மதமா இருந்தாலும் வேளாங்கண்ணிக்கு ஒரு தடவையாவது போயிருப்பாங்க. பத்துப் படி, ஒரு நிறுத்தம். காலையில ஏழு மணிக்கே தொடங்கினதால வெயிலும் இல்ல, கப்பல் கூட்டமும் இல்ல. பெரிய சொகுசுக் கப்பல்கள் வந்து நின்னுச்சுன்னா அந்தப் படியில நின்னு மூச்சு வாங்கக்கூட இடம் கிடைக்காது. இறங்கும்போது கவனம். பல படிகள் தேய்ஞ்சு வழவழன்னு இருக்கு. எங்க அம்மா ஏறினதைவிட இறங்கினதுக்குத்தான் அதிகமா கஷ்டப்பட்டாங்க. மூட்டுவலி இருக்கறவங்களுக்கு அது சொல்லாமலே தெரியும்.

கோட்டோர்லேருந்து பெராஸ்ட் பஸ்ல கொஞ்ச தூரம்தான். அங்கிருந்து படகுல ஒரு தீவுக்குப் போகலாம். மனுஷங்களே கல்லையும் பழைய கப்பல்களையும் மூழ்கடிச்சு உண்டாக்கின தீவு அது. இன்னைக்கும் வருஷா வருஷம் ஜூலை 22 அன்னைக்கு ஊர்க்காரங்க படகுல கல்லு கொண்டுபோய்ப் போடறாங்க. படகுல ஏற ஒரு கை பிடிச்சா போதும். அழகான இடம், அரை நாள் போதும்.

இப்ப லோவ்சென். அங்க போற பழைய ரோட்டுல 25 ஹேர்பின் வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர். கொல்லிமலையில 70 இருக்கேன்னு சொல்வீங்க. சரிதான், ஆனா இங்க ஒவ்வொரு வளைவுலயும் கீழ கடல் தெரியும். ரோடு ரொம்பக் குறுகல். எதிர்ல பஸ் வந்தா யாராவது ஒருத்தர் ரிவர்ஸ் எடுக்கணும். நான் காரே எடுக்கல. அரை நாளுக்கு டாக்ஸி பேசிட்டேன். ஓட்டுறவரு ரோட்டைப் பார்க்கட்டும், நாம கடலைப் பார்க்கலாம்.

மலை உச்சியில ஞேகோஷ் சமாதி மண்டபம். 19ஆம் நூற்றாண்டுல இந்த நாட்டை ஆண்டவர், பிஷப், கவிஞர், மூணும் ஒரே ஆள். (இந்தப் பேரை எழுத ஆங்கிலத்துக்காரங்க படுற பாடு பாவம். நமக்கு 'ஞ' இருக்கு.) மண்டபத்தை வடிவமைச்சவர் இவான் மெஷ்ட்ரோவிச்ங்கற சிற்பி, திறந்தது 1974ல. கார் நிக்கற இடத்துலேருந்து 461 படி. அம்மா படியை ஒரு பார்வை பார்த்தாங்க. "நீ போயிட்டு வா, நான் இங்கயே பார்த்துக்கறேன்"னாங்க. நான் இறங்கி வந்தப்போ டீ குடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. கார் நிக்கற இடத்துலேருந்தே மலைமேல மலையா தெரியுது. மேல போனா இன்னும் நல்லா இருக்குங்கறது உண்மைதான். ஆனா கீழயே நின்னுட்டவங்க எதையும் பார்க்காம போனாங்கன்னு யாரும் பரிதாபப்பட வேண்டாம்.

2023ல கோட்டோர் பக்கத்துலேருந்து இந்த மலைக்குக் கேபிள் கார் விட்டிருக்காங்க. பதினோரு நிமிஷத்துல மேல போயிடலாம். ஆனா அது கொண்டுபோய் விடற இடம் வேற, சமாதி மண்டபம் வேற. அங்கிருந்து திரும்பவும் வண்டி வேணும். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு டிக்கெட் எடுக்காதீங்க.

மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினா செட்டின்யே, பழைய தலைநகரம். அங்க ஞேகோஷ் 1838ல கட்டின வீட்டுக்குப் பேரு 'பில்யார்டா'. காரணம் பில்லியர்ட்ஸ் மேஜை. ரோடே இல்லாத காலத்துல அந்த மேஜையைக் கோட்டோர்லேருந்து இந்த மலை வழியா ஆளுங்க தூக்கிட்டு வந்திருக்காங்க. ராஜா விளையாடின கதையை எல்லாரும் சொல்றாங்க. தூக்கினவங்க முட்டி என்ன ஆச்சுன்னு அம்மாதான் கேட்டாங்க. மதியம் அங்க சாப்பிட்டது கச்சமாக். மாவையும் உருளைக்கிழங்கையும் கிளறி சீஸ் போட்டுத் தர்றாங்க. "களி"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க, ஆனா தட்டு காலி.

இனி நான் போனதுக்கே காரணமான விஷயம்: ரயில். பெல்கிரேடுலேருந்து பார் துறைமுகம் வரைக்கும் 476 கிலோமீட்டர், 254 சுரங்கம், 435 பாலம். 1950கள்ல தொடங்கி 1976ல திறந்தாங்க. நாங்க கோட்டோர்லேருந்து பஸ்ல தலைநகர் போட்கோரிட்சா வந்து, அங்க ரயில் ஏறி கோலாஷின் போனோம். போட்கோரிட்சா ஏறக்குறைய சமதளம், கோலாஷின் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம். நடுவுல இருக்கறது சுமார் ஒன்றரை மணி நேரம். டிக்கெட் சில யூரோதான். ரயில் புதுசு இல்ல, நேரத்துக்கும் வரல. ஜன்னலைத் திறக்க முடிஞ்சது, அது போதும்.

வடக்கே போகும்போது இடது பக்கம் உட்காருங்க. மொராச்சா ஆத்தோட பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். கிளம்பிக் கொஞ்ச நேரத்துல மாலா ரியேகா பாலம் வரும். அரை கிலோமீட்டர் நீளம், கீழ ஏறக்குறைய 200 மீட்டர். 21ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல சீனாவுல ஒண்ணு கட்டற வரைக்கும் உலகத்துலயே உயரமான ரயில் பாலம் இதுதான். பாலத்து மேல போறது ஒரு நிமிஷம்கூட இல்ல, உடனே சுரங்கம் முழுங்கிடுது. அதுக்கப்புறம் இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம். ஒவ்வொரு தடவை வெளிச்சம் வரும்போதும் ஆறு இன்னும் கொஞ்சம் கீழ போயிருக்கும். அம்மா எண்ண ஆரம்பிச்சு, இருபதாவது சுரங்கத்தோட விட்டுட்டாங்க. ஒரு படிகூட ஏறாம அவங்க அவ்வளவு உயரம் வந்தது அந்த ஒன்றரை மணி நேரத்துலதான்.

அதே வழியில இப்போ எக்ஸ்பிரஸ் ரோடும் வந்துடுச்சு. 2022 ஜூலையில திறந்த 41 கிலோமீட்டர். சீன வங்கிக் கடன்ல சீன கம்பெனி கட்டினது. கடன் 90 கோடி டாலருக்கு மேல. ஆறு லட்சம் பேர் இருக்கற நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய தொகைன்னு கணக்குப் போட்டுப் பாருங்க, தலைக்கு சுமார் 1,500 டாலர் வருது. நேரம் மிச்சமாகுது, பழைய பள்ளத்தாக்கு ரோட்டை விட பாதுகாப்பு. அங்க வாழறவங்களுக்கு அது வேணும், நாம சுத்திப் பார்க்க வந்துட்டு "பழைய ரோடே அழகு"ன்னு சொல்றது நியாயம் இல்ல. ஆனா நம்ம கையில நேரம் இருந்தா ரயில்தான்.

கோலாஷின்லேருந்து ஒரு நாள் பியோகிராட்ஸ்கா கோரா காட்டுக்குப் போனோம். ஐரோப்பாவுல வெட்டாம மிஞ்சின பழங்காடுகள்ல ஒண்ணு. நடுவுல ஏரி, ஏரியைச் சுத்தி மூணரை கிலோமீட்டர் பாதை, பெரிய ஏற்றம் இல்ல. அம்மா முழுசா நடந்தாங்க. அஞ்சு நாள்ல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து முழுசா நடந்த ஒரே இடம்.

கிளம்பற நாளுக்கு முந்தின நாள் டாக்ஸியில தாரா பாலம். 1937லிருந்து 1940க்குள்ள கட்டினது, 365 மீட்டர் நீளம், அஞ்சு கான்கிரீட் வளைவு, ஆத்துக்கு மேல 172 மீட்டர். கட்டி முடிச்ச அடுத்த வருஷமே இத்தாலியப் படை நாட்டைப் பிடிச்சிடுச்சு. 1942ல கெரில்லா படை இந்தப் பாலத்தைத் தகர்க்க முடிவு பண்ணுச்சு. அதுக்கு உதவினவர் லாசர் யாவுகோவிச், இதே பாலத்தைக் கட்டின எஞ்சினியர்கள்ல ஒருத்தர். ஒரு வளைவு மட்டும் போச்சு, மிச்சம் நின்னுச்சு. இத்தாலியர்கள் அவரைப் பிடிச்சு, அந்தப் பாலத்துலயே வச்சுச் சுட்டுக் கொன்னாங்க. 1946ல பாலத்தைச் சரிபண்ணிட்டாங்க. அவருக்கு அங்க நினைவுச்சின்னம் இருக்கு. பாலத்துக்குப் பக்கத்துலயே கம்பியில தொங்கிக்கிட்டுப் போற ஜிப்லைன் விளையாட்டு, ஒரே கூச்சல். பெரும்பாலானவங்க அதுக்குத்தான் வரிசையில நிக்கறாங்க.

பாலத்துல நடந்துகிட்டே இந்தக் கதையை அம்மாகிட்ட சொன்னேன். "எந்த இடத்துல உடைச்சா மறுபடி கட்டலாம்னு கட்டினவனுக்குத்தானே தெரியும்"னாங்க. அவர் அப்படித்தான் நினைச்சாரான்னு எனக்குத் தெரியாது. நாங்க ஆபீஸ்ல ஒரு பழைய ஃபங்ஷனை டெலீட் பண்ணவே மூணு பேர்கிட்ட அப்ரூவல் கேட்கறவங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாம நின்னோம்.

சரி, விசா. மாண்டினீக்ரோ ஷெங்கன்ல இல்ல. இந்திய பாஸ்போர்ட்டுல செல்லுபடியாகுற ஷெங்கன், அமெரிக்க அல்லது பிரிட்டன் விசா இருந்தா தனி விசா இல்லாம 30 நாள் வரைக்கும் இருக்கலாம்ங்கறது நாங்க போனப்போ இருந்த விதி. டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி தூதரகப் பக்கத்துல ஒரு தடவை சரிபார்த்துடுங்க. முக்கியமா, ஜெர்மனியிலேருந்து நான் கூட்டிட்டுப் போன மாதிரி நீங்களும் ஷெங்கன் நாட்டுலேருந்து போறீங்கன்னா, அம்மாவோட விசா மல்டிபிள் என்ட்ரியா இருக்கணும். சிங்கிள் என்ட்ரின்னா வெளிய போனதோட சரி, திரும்ப உள்ள வர முடியாது. பஸ்ல பெட்டியைக் கீழ வைக்கறதுக்குத் தனியா காசு கேட்பாங்க, கையில சில்லறை யூரோ வச்சுக்கோங்க. மெயில் போட்டவங்க போயிட்டு வந்து, படியைப் பத்தி அம்மா என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க.