வலையும் கரையும்

கலிலேயக் கடல் என்று விவிலியம் கூறுவது உண்மையில் ஒரு நன்னீர் ஏரியே. அதன் நீளம் ஏறக்குறைய 21 கிலோமீற்றர். 56 கிலோமீற்றர் அளவு நீண்டு கிடக்கும் எமது மட்டக்களப்பு வாவியோடு ஒப்பிட்டால் அது நீளத்திற் குறைந்தது. ஆகவே, அக்கரையில் வலை வீசிய மனிதரை இயேசுநாதர் அழைத்த வரலாற்றை வாவிக்கரை மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. தோணியும் வலையும், இரவு முழுதும் உழைத்து வெறுங்கையோடு கரைசேரும் சலிப்பும் அவர்கள் நன்கறிந்தவை.

மாற்கு எழுதிய நற்செய்தியில் ஒரு சிறு குறிப்புண்டு. செபதேயுவின் புதல்வர் இருவரும் அழைப்பைக் கேட்டுப் புறப்பட்டபோது, தந்தையைக் கூலியாட்களோடு படகில் விட்டுச் சென்றனர் என்பதே அது. கூலியாள் வைத்துத் தொழில் நடத்தியவர் செபதேயு. எனவே, புதல்வர் விட்டது ஓட்டை வலையை அன்று. நன்கு நடந்துவந்த தொழிலை. இதனைக் காட்டித் தொழிலைத் துறப்பதே விசுவாசம் என்று பிரசங்கிப்போர் உளர். எனக்கு அது உடன்பாடன்று. உயிர்த்தெழுந்த ஆண்டவர் மீண்டும் அதே ஏரிக்கரையில் தோன்றியபோது சீடர்கள் மீன்தான் பிடித்துக்கொண்டிருந்தனர். அவர் கடிந்துகொள்ளவில்லை; வலப்புறமாக வலையை வீசுங்கள் என்றார். கரையில் நெருப்பு மூட்டி உணவும் ஆயத்தம் செய்திருந்தார். அவர்கள் உண்டு முடித்த பின்னரே, பிடிபட்ட 153 மீன்களும் கரையிலிருக்க, பேதுருவை நோக்கி அன்பைப் பற்றி மும்முறை வினவினார். தொழில் குற்றமன்று. ஆயின், தொழிலின் பலன் கண்முன் குவிந்து கிடக்கும் வேளையிலேயே எது பெரிது என்ற வினா எழுகின்றது.

இவ்வினாவுக்குத் தம் வாழ்வால் விடை கூறியோர் சிலர் எம் ஊரில் இருந்தனர். மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் 1814ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்தார். வரும் வழியில் கப்பலிலேயே மனைவியை இழந்தவர். சில மாதங்களே உழைத்து, 1815 ஏப்ரல் முதலாந் திகதி காலமானார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அவரிட்ட வித்து. அவரைப் பற்றிப் பரிசளிப்பு விழாக்கள்தோறும் நம் பிள்ளைகள் கேட்டு வருகின்றனர். ஆதலின் மேலே செல்கின்றேன்.

உலகப் போர் ஓய்ந்து அமெரிக்க நாடு செல்வத்திற் செழிக்கத் தொடங்கிய காலத்தில், அதன் லூயிசியானா மாநிலத்திலிருந்து இயேசு சபை இளைஞர் சிலர் கிழக்கிலங்கைக்கு வந்தனர். அவருள் ஒருவர் யூஜின் ஹேபியர் அடிகள். புனித மிக்கேல் கல்லூரி மாணவரைக் கூடைப்பந்தாட்டத்தில் வளர்த்தவர். பின்னர் தொழில்நுட்ப நிலையமொன்றை நடத்தி, வேலையற்ற இளைஞருக்குக் கைத்தொழில் கற்பித்தவர். வேலையை இழிவாக எண்ணியவர் இதனைச் செய்திருப்பாரா?

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் காத்தான்குடியிலும் பின்னர் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். தமிழ்க் கிராமங்களிலும் உயிர்கள் பலியாயின. அயலவர் அயலவரை அஞ்சிய நாட்கள் அவை. அந்நாட்களில் வாழைச்சேனைக்குச் சென்று அங்கிருந்த கன்னியருக்குத் துணைநின்ற அடிகள், ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, தம் ஸ்கூட்டரில் மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார். உடன் ஓர் இளைஞரும் சென்றார். இருவரும் வந்து சேரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை. அடிகளுக்கு அப்போது வயது 66.

"அவர் துறவி, மனைவி மக்கள் இல்லை, மாதமுடிவில் கடைக்கணக்குத் தீர்க்கும் கவலையும் இல்லை. அவரைக் காட்டிக் குடும்பஸ்தருக்குப் பாடம் சொல்வதா?" என்று நேயர்களுட் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. குடும்பஸ்தருக்குப் பணம் என்பது பெரும்பாலும் பேராசையன்று; அது அரிசி, மருந்து, கூரை. போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கண்டது எமது கரை. பொருளாதாரம் நிலைகுலைந்த 2022ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொழில் தேடி இந்நாட்டை விட்டுச் சென்றனர். வாவிக்கரை வீடுகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் தாய்மாரைப் பணத்தாசை பிடித்தோர் என்று பீடத்தில் நின்று பழிப்பதை நான் வெறுக்கின்றேன். பிள்ளைகளின் பொருட்டே அவர்கள் செல்கின்றனர்.

எனினும், கடனுக்காகச் செய்த முதல் ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்காக இரண்டாவது. வீடு எழுந்ததும் மதிலுக்காக மூன்றாவது. தேர்ச்சி அறிக்கையில் ஒப்பமிட ஆண்டுதோறும் அம்மம்மாவே பாடசாலைக்கு வருகின்றார். முதல் ஒப்பந்தத்தைப் பற்றி நான் வாய்திறவேன். மூன்றாவதைப் பற்றிப் பெற்றோர் தம்முள் அமர்ந்து பேச வேண்டும்.

ஊரிலேயே இருக்கும் பெற்றோரும் இதனை வேறு விதமாகச் செய்கின்றனர். ஞாயிறு காலையிற் பிள்ளை தனியார் வகுப்பில் இருக்கின்றது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் முடியட்டும் என்கின்றனர். பின்னர் சாதாரண தரம், அதன்பின் உயர்தரம். ஆலயத்துக்குச் செல்லாப் பிள்ளை அன்று வீட்டிலும் இல்லை. தந்தையோடு அமர்ந்து உண்ணும் ஒரேயொரு காலை உணவும் போய்விடுகின்றது. இந்துப் பிள்ளைகளின் அறநெறி வகுப்புகளுக்கும் இதே கதிதான்.

2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மாண்டவருட் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சிறுவர். அதன் பின்னரும் இந்நகரத்துத் தாய்மார் பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு ஆலயங்களுக்குச் சென்றனர். அச்சத்துக்கு விட்டுக்கொடாத ஞாயிறு காலையைக் கணித வகுப்பொன்றுக்கு விட்டுக்கொடுப்பது எனக்கு விளங்கவில்லை. கணிதத்தைச் சனிக்கிழமையும் கற்கலாம். ஆசிரியர்களும் பெற்றோரும் ஒருங்கு கூடினால் ஒரே மாதத்தில் நேரசூசியை மாற்றிவிடலாம்.

பிற்காலத்தில் உறவைத் தேடிக்கொள்வோம் என்று கருதுவோர், ஹேபியர் அடிகளின் சபைத் தோழரான ஹரி மில்லர் அடிகளை நினைத்துப் பார்க்கலாம். 1948இல் இலங்கைக்கு வந்தவர். புனித மிக்கேல் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றியவர். போர்க்காலத்தில் சமாதானக் குழுவோடு சேர்ந்து, காணாமற் போனோரின் விபரங்களைத் திரட்டி, தாய்மாருக்காக அதிகாரிகளிடம் நடந்தவர். போர் முடிந்த 2009ஆம் ஆண்டில், முதுமையிலே ஓய்வுபெறும் எண்ணத்துடன், பிறந்த நகராகிய நியூ ஓர்லியன்ஸுக்குத் திரும்பினார். வசதிக்குக் குறைவில்லாத நாடு. தாய்மொழி பேசும் ஊர். ஆயினும் அறுபது ஆண்டுகளில் அங்கு அவரை அறிந்தோர் அருகிவிட்டனர். அறிந்தோரெல்லாம் இங்கே இருந்தனர். அங்கு நெடுங்காலம் தங்காமல் மீண்டும் மட்டக்களப்புக்கே வந்துவிட்டார். எந்த விரதமும் அவரைத் திரும்பி வருமாறு கட்டாயப்படுத்தவில்லை. பழைய மாணவர் வந்து போக, இறுதி ஆண்டுகளை இங்கேயே கழித்து, 2014 முடிந்து 2015 பிறந்த நாட்களில், எண்பத்தொன்பது வயதளவில், வாவிக்கரையிலேயே கண்மூடினார்.