இயேசுவைக் கொன்றது யார்?



அவலாஞ்சி என்று சொல்லும்போதெல்லாம் நாம் ஒரு பழைய மலைச்சரிவைச் சொல்கிறோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே மலை சரிந்தது. அதைக் கண்டு வெள்ளைக்காரர் இட்ட பெயரே நம் நாவில் அவலாஞ்சி ஆயிற்று. சரிந்த இடத்தில் புல் முளைத்துவிட்டது; பெயர் மட்டும் நிற்கிறது.

திருச்சபையிலும் அப்படி ஒரு சொல் நெடுங்காலம் நின்றது: ‘தெய்வக்கொலை’. கடவுளைக் குறிக்கும் ‘தேயுஸ்’ என்ற இலத்தீன் சொல்லோடு கொலையைச் சேர்த்துக் கட்டியது அது. சொல்லைவிடப் பழி பழையது. 2ஆம் நூற்றாண்டிலேயே சர்தை நகர் ஆயர் மெலித்தோ, இஸ்ரயேல் கடவுளைக் கொன்றது என்று பாஸ்கா மறையுரையில் முழங்கினார். இயேசுவும் அன்னை மரியாவும் திருத்தூதர்களும் யூதர்களே என்பது மறந்துபோயிற்று. 1096இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்டவர்கள், கிறிஸ்துவின் இரத்தத்துக்குப் பழிவாங்குவதாகச் சொல்லி, ரைன் நதிக்கரை ஊர்களில் யூதக் குடும்பங்களை வெட்டிச் சாய்த்தார்கள்.

ஆனால் 1566இல் வெளிவந்த திரிதெந்து சங்கத்தின் மறைக்கல்வி நூலே, பாவம் செய்யும் கிறிஸ்தவர்களாகிய நம் குற்றம் யூதர்களுடையதைவிடப் பெரிது என்று கற்பித்தது. 1959இல் திருத்தந்தை 23ஆம் யோவான், பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களைப் பழித்த அடைமொழியை நீக்கினார். 1965 அக்டோபர் 28 அன்று 2ஆம் வத்திக்கான் சங்கத் தந்தையர் 2,221 பேர் ஆதரிக்க, 88 பேர் எதிர்க்க, ஓர் அறிக்கை நிறைவேறியது. முந்தைய வரைவில் இருந்த ‘தெய்வக்கொலை’ என்ற சொல் அதில் இல்லை. எனினும், இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மேலும், இன்று வாழும் யூதர்மேலும் சுமத்தக்கூடாது என்று அது தெளிவாகச் சொன்னது.

அன்பானவர்களே, சொல்லை ஏட்டிலிருந்து எடுப்பது எளிது. நாவிலிருந்து எடுப்பதே கடினம். 1964 ஒப்பந்தத்துக்குப்பின் இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் தேயிலை கிள்ளிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளை, இங்கேயே பிறந்தவர்களை, நாம் இன்னும் ‘சிலோன்காரர்’ என்கிறோம். தோட்டத்தில் எது நடந்தாலும் முதலில் அந்த லயத்தையே பார்க்கிறோம்.

இந்தத் தவக்காலத்தில் சிலுவைப்பாதை செய்யும்போது, ‘இவரைக் கொன்றது யார்?’ என்று பிள்ளைகள் கேட்டால், யாரையும் சுட்டாமல் நம் நெஞ்சிலே கைவைப்போம். கைவைத்த பிறகு, அந்த லயத்து வீட்டுக்கு ஒருமுறை போய், பெயர் சொல்லி அழைத்து வருவோம். ஆமென்.